தாடைக்குக் கீழே இரண்டு விரல்

என் தம்பி எதற்கும் பயப்படமாட்டான். பாம்பென்றாலும் சரி, போலீஸ் என்றாலும் சரி, ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே வண்டியை நுழைப்பதென்றாலும் சரி, அலட்டிக்கொள்ளவே மாட்டான். ஊசி என்றால் மட்டும் ஆள் காணாமல் போய்விடுவான். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்தபோது காம்பவுண்டு சுவர் ஏறிக் குதித்து இரும்புலியூரில் எங்கள் வீடு வரை ஓடிவந்து அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளிந்தவன். இப்போது அவனுக்கு முப்பத்து நான்கு வயது. சொந்தமாகப் பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். மனைவி எட்டு மாதக் கர்ப்பிணி, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். இவ்வளவு ஆன பிறகும் ஊசி விஷயத்தில் மட்டும் அவன் அந்த டிரம்மை விட்டு வெளியே வந்தபாடில்லை.

அதனால்தான் கீழ்க் கடைவாய்ப் பல் வலித்தபோது பல் டாக்டரிடம் போகாமல் மெடிக்கல் ஷாப்புக்குப் போனான். "பல் வலிக்குக் குடுங்க" என்று கேட்டால் போதும், மூன்று நிறத்தில் மூன்று மாத்திரைகளைச் சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வலி போயிற்று. மறுநாள் வந்தது. இன்னொரு உறை வாங்கினான். இப்படியே ஒரு வாரத்தை ஓட்டிவிட்டான் அந்தப் புத்திசாலி.

நான் மாடியில் குடியிருக்கிறேன், அவனும் அம்மாவும் கீழே. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கீழே இறங்கி வந்தபோது அம்மா கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து அவன் தாடைக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலது பக்கம் தாடை எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. தோல் பளபளவென்று சிவந்து, தொட்டால் கல்லாக இருந்தது.

"இன்னாடா இது?" என்று கத்தினேன். எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தரும் எவருக்கும் அப்படித்தான் ஆகிவிடும்.

"ஒண்ணும் இல்லக்கா, வாயுதான்" என்றான். அதைச் சொல்வதற்குள் இரண்டு முறை எச்சில் வழிந்தது. அதற்கு மேல் அவன் பேச்சை யார் கேட்டது? அவனைப் பிடித்து இழுத்து ஆட்டோவில் ஏற்றித் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

முகத்தாடை அறுவை செய்கிற டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும், ஆள் ஒல்லி, பேச்சு பட்பட்டென்று வரும். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. வாயைத் திறக்கச் சொன்னார். ஒரு ஸ்டிரா நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. நாக்கை நீட்டச் சொன்னார். அது அசையவே இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்.

"பல்லோட வேர் வழியா சீழ் எலும்பைத் துளைச்சு உள்பக்கமா இறங்கியிருக்கு. இங்க பாருங்க, தாடை எலும்புக்கும் கழுத்துத் தசைக்கும் நடுவுல. நாக்குக்கு அடியிலயும் பரவ ஆரம்பிச்சிருக்கு. இவ்வளவு ஆழத்துல சீழ் சேர்ந்துட்டா மாத்திரை, ஊசியெல்லாம் வெளிய நின்னு கதவைத் தட்டும், அவ்வளவுதான். நாமதான் திறந்து விடணும்."

"திறக்கலைன்னா?"

"வீக்கம் மூச்சுக்குழாயை அமுக்கிடும்" என்றார், சுற்றி வளைக்காமல். "இன்னிக்கு மருந்து ஏத்துவோம். காலைல பத்து மணிக்கு முழு மயக்கம் கொடுத்துப் பண்ணிடலாம். வெறும் வயித்தோட இருக்கணும்."

முழு மயக்கம் என்றதும் தம்பி முகத்தில் அந்த வீக்கத்தையும் மீறி ஒரு நிம்மதி தெரிந்தது. தூங்கி எழுந்தால் முடிந்திருக்கும் அல்லவா! அவனை வார்டில் சேர்த்துவிட்டு, துணைக்கு என் கணவரை உட்கார வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு எங்கள் வீட்டுக் கிருத்திகையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். மாதம் தவறாமல் அம்மா கிருத்திகைக்குப் பட்டினி இருப்பாள். வெறும் வயிறு, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்று மாலையில் விளக்கேற்றும்போது பெருமையாகச் சொல்லுவாள். காலையில் ஒரு காபி, பதினோரு மணிக்கு ஒரு காபி, மூன்று மணிக்கு ஒரு காபி குடித்திருப்பாள். அது கணக்கில் வராது. எங்கள் அத்தைகளுக்கும் வராது, சித்திகளுக்கும் வராது. நானும் பத்து வருடமாக இந்த விரதம் இருக்கிறேன். ஒரு நாளும் எங்களுக்குச் சந்தேகம் வந்ததில்லை.

காலையில் நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அம்மா பிளாஸ்க்கை நீட்டினாள். அவள் கண் இரண்டும் சிவந்திருந்தது. திருநீர்மலைப் பெருமாளுக்கு முடி காணிக்கை வரைக்கும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

"வெறும் வயித்தோட இருக்கணும்னு சொல்லிக்கீறாங்கம்மா" என்றேன்.

"அதான் தெரியுமே. சோறா குடுத்தனுப்புறேன்? வெறும் காபிதானடி. புள்ள நேத்திக்கெல்லாம் ஒண்ணும் துண்ணல" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. வாங்கிக்கொண்டு போனேன்.

வார்டில் அவனைப் பார்த்தேன். வீக்கம் இடது பக்கத்துக்கும் தாண்டியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, வழிகிற எச்சிலைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். என் கணவர் வேலைக்குக் கிளம்பிப் போனார். நான் டம்ளரில் காபியை ஊற்றி ஸ்டிராவைப் போட்டேன். அவன் ஒவ்வொரு வாயையும் விழுங்குவதற்குள் அவனுக்கும் வியர்த்தது, எனக்கும் வியர்த்தது. போதும் என்று கையைக் காட்டினான். "தெம்பு வேணாமா? குடிடா!" என்று அதட்டி அரை டம்ளரை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் ஓய்ந்தேன். பிறகு டம்ளரைக் கழுவிக்கொண்டு, கையெழுத்துப் போடவேண்டிய காகிதங்களுக்காகக் கீழே கவுன்டருக்குப் போனேன்.

நான் திரும்பி வந்தபோது அவனைத் தள்ளுகட்டிலில் ஏற்றி ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மயக்க மருந்து டாக்டர் அங்கே நின்றார். நரைத்த மீசை, தணிந்த குரல். கையில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"நீங்க அக்காவா? காலைல ஒண்ணும் கொடுக்கலையே? தம்பிகிட்ட வார்டுல கேட்டேன், இல்லைன்னு தலையாட்டினார். உங்ககிட்டயும் ஒரு தடவை கேட்டுக்கறேன்."

"ஒண்ணுமே இல்ல சார். சுத்தப் பட்டினி. எங்கம்மா கிருத்திகைக்கு இருக்கற மாதிரி" என்றேன், பெருமையாகவே.

அவர் சிரித்தார். படிவத்தில் எழுதப் போனவர், பேனாவை அப்படியே நிறுத்தினார். "கிருத்திகைக்கு எங்க வீட்டுலயும் இருப்பாங்கம்மா" என்றார் மெதுவாக. "காபி குடிப்பாங்க."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்றார். மற்றவர்களுக்கென்றால் சட்டென்று வாயைத் திறந்து உறிஞ்சி எடுத்துவிடலாம், இவருக்கு வாயே திறக்காது என்றார். பால் கலந்த காபி சாப்பாட்டுக்குச் சமம் என்றார். "சொல்லுங்கம்மா. கொடுத்தீங்களா?"

இல்லை என்று சொல்லிவிட எனக்கு ஆசையாக இருந்தது. உண்மையைத்தான் சொல்கிறேன். காபியைச் சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிவைப்பார்கள், அவன் கழுத்தோ மணிக்கு மணி ஏறிக்கொண்டிருக்கிறது. சொல்லாவிட்டால் உள்ளே செத்துப்போகலாம். இரண்டு பக்கமும் நான்தான் கொலைகாரி. நர்ஸ், வார்டு அம்மா, அடுத்த ஆபரேஷனுக்குக் காத்திருந்த ஒரு குடும்பம் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"அரை டம்ளர், சார்" என்றேன். "இப்பதான். ஒரு மணி நேரம் ஆவல."

மயக்க டாக்டர் யாரையும் திட்டவில்லை. உள்ளே போய் அறுவை டாக்டரை அழைத்துவந்தார். இரண்டு பேரும் கட்டிலருகே நின்று பேசினார்கள். ஆறு மணி நேரம் காத்திருக்கலாமா என்று மயக்க டாக்டர் கேட்டார். அறுவை டாக்டர் தம்பியின் கழுத்தை ஒரு முறை தடவிப் பார்த்தார். அவன் மூச்சு இழுக்கும்போது தொண்டைக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது.

"இது காத்திருக்காது சார். முழிப்புலயே பண்ணிடறேன். உட்கார வச்சு, மரத்துப்போற ஊசி மட்டும் போட்டு. தொண்டை டாக்டரைக் கூப்பிடுங்க, பக்கத்துல நிக்கட்டும். தேவைப்பட்டா மூச்சுக்குழாயைத் திறந்துடுவார்."

முழிப்பிலேயே! கழுத்தில் ஊசி! நான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். கட்டிலிலிருந்து குதித்து ஓடப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் ஓடவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தான். அப்படியொரு பிடி. நர்ஸ் இரண்டு முறை விடுவிக்கப் பார்த்தார், முடியவில்லை. "விடுங்க சிஸ்டர், அவங்களும் வரட்டும். கவுன் போட்டுவிடுங்க" என்றார் டாக்டர். இப்படித்தான் எட்டாம் வகுப்பிலிருந்தே உயிரியலை வெறுத்த நான் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனேன்.

அவனைச் சாய்த்து உட்கார வைத்து, தலையை இடப்பக்கம் திருப்பினார்கள். டாக்டர் தாடை எலும்பின் கீழ் விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்து, அதற்குக் கீழே தன் இரண்டு விரலைப் படுக்கையாக வைத்து அளந்து, பேனாவால் ஒரு கோடு போட்டார்.

"ஏன் டாக்டர் அவ்வளவு கீழ? வீக்கம் மேலதானே இருக்கு?" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"கீழ் உதட்டை அசைக்கிற நரம்பு அந்த விளிம்பை ஒட்டி ஓடுது. மேல வெட்டினா வாழ்நாள் பூரா வாய் கோணலாப் போயிடும். கீழ வெட்டிட்டு உள்ள மேல்நோக்கிப் போகணும்." சொல்லிக்கொண்டே ஊசியை எடுத்தார். "நீங்க அவர்கிட்டப் பேசுங்க."

என்ன பேசுவது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். "பதினேழாம் வாய்ப்பாடு சொல்றேன்டா. தப்பா சொன்னா கையை அமுக்கு" என்றேன். ஊசி இறங்கியது. அவன் கால் விரல்கள் பத்தும் விறைத்து நின்றன. பதினேழு, முப்பத்து நாலு, ஐம்பத்தொன்று என்று கத்தத் தொடங்கினேன். இரண்டாவது ஊசி. மூன்றாவது ஊசி. "பதினேழு ஏழு நூத்திப் பதினெட்டு" என்றேன். கை நசுங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் வேண்டுமென்று தப்பாகச் சொல்லவில்லை.

கத்தி வெட்டியது இரண்டு நொடிதான். அதன் பிறகு வெட்டே இல்லை. கத்தரிக்கோல் போலக் கைப்பிடி உள்ள, முனை மழுங்கிய ஓர் இடுக்கியை டாக்டர் எடுத்தார். அதை மூடியபடி உள்ளே விடுவார், உள்ளே போனதும் விரிப்பார், விரித்தபடியே வெளியே எடுப்பார். உள்ளே ஒருபோதும் மூடமாட்டார். மூடினால் எதையாவது கவ்விவிடும் என்று எனக்காகச் சொன்னார். விட்டார், விரித்தார், எடுத்தார். இரத்தம்தான் வந்தது. இன்னும் ஆழமாக விட்டார். அப்போதும் இரத்தம்தான்.

"இங்கதானே இருக்கணும்" என்று முணுமுணுத்துச் சுவரில் இருந்த ஸ்கேன் படத்தைப் பார்த்தார்.

அதற்குள் தம்பியின் மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. மானிட்டரில் தொண்ணூற்று ஐந்து என்று இருந்த எண் தொண்ணூற்று மூன்று ஆயிற்று. தொண்ணூற்று ஒன்று. எண்களோடு பிழைப்பு நடத்துகிறவள் நான், ஓர் எண்ணைப் பார்த்து அப்படி நடுங்கியதில்லை. தொண்டை டாக்டர் பேசாமல் முன்னால் வந்து அவன் குரல்வளைக்குக் கீழே விரலை வைத்து இடம் பார்த்துக்கொண்டார். எண்பத்தொன்பது. நான் வாய்ப்பாட்டை எங்கே விட்டேன் என்று தெரியாமல் பதினேழு பதினேழு என்று ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஒரே நிமிஷம்" என்றார் டாக்டர். இடுக்கியின் திசையை மாற்றினார். மேல்நோக்கி, உள்நோக்கி, தாடை எலும்பின் உள்பக்கத்தை ஒட்டியே போனார். எலும்பில் உரசுகிற சத்தம் எனக்கே கேட்டது. அங்கே ஒரு நொடி நின்று, அழுத்தி, விரித்தார்.

வந்தது பாருங்கள்! பச்சையும் மஞ்சளுமாக, கெட்டியாக, பொங்கிக்கொண்டு, டாக்டரின் கையுறை, துணி, தம்பியின் மார்பு எல்லாவற்றின் மேலும் வழிந்து இறங்கியது. உறிஞ்சும் குழாய் கொறகொறவென்று திணறியது. நாற்றம் தியேட்டர் முழுக்கப் பரவியது, சாக்கடை தோற்றுப்போகும். அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு நான், "வந்துடுச்சு! வந்துடுச்சுடா!" என்று கிரிக்கெட் பார்க்கிறவள் போலக் குதித்தேன்.

"சத்தம் போடாதீங்க!" என்று அதட்டினார் டாக்டர். அதட்டியவருக்கே முகமூடிக்கு மேல் கண் இரண்டும் சிரித்தன. நர்ஸ், "எவ்ளோ கீது பாருங்கக்கா!" என்றார். நாங்கள் மூன்று பெண்களும் ஒரு கிண்ணச் சீழைப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றோம். இதை வெளியில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

டாக்டர் அந்த வழியில் விரலையே விட்டு உள்ளே இருந்த தடுப்புகளையெல்லாம் உடைத்துவிட்டார். மோவாய்க்குக் கீழே இன்னொரு சின்ன வெட்டுப் போட்டார். அங்கேயும் கொஞ்சம் வந்தது. உப்புத் தண்ணீரைப் பீய்ச்சி, தெளிவாக வரும்வரை கழுவினார். மிச்சம் வழிந்துகொண்டே இருக்கட்டும் என்று இரண்டு வெட்டிலும் ரப்பர் துண்டுகளைச் செருகித் தையல் போட்டார். நான் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்று ஆறு. விசில் சத்தம் நின்றது. தொண்ணூற்று எட்டு வந்தபோது தொண்டை டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், காபியையும் சேர்த்து. "அது ஆகாரத்துல சேரும்னு யாரும் சொல்லலியேடி" என்றாள், அழுதுகொண்டே. அன்று சாயங்காலம் தம்பி மூன்று நாளைக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்கினான்.

இரண்டு நாளில் வாய் இரண்டு விரல் அளவுக்குத் திறந்தது. எல்லாவற்றுக்கும் காரணமான அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். அன்று மத்தியானம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரே கொண்டாட்டம். வார்டில் இருந்த எல்லோரிடமும் சீழ் வந்த கதையை மூன்றாவது முறையாகச் சொல்லி முடித்திருந்தேன்.

"உன்னையும் அந்த மயக்க டாக்டர் கேட்டாராமே. நீயும் இல்லன்னு தலையாட்டினியாம். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே மூளைடா, காபியைப் பத்தி நெனப்பே வரல பாரு" என்று சிரித்தேன்.

அவன் கஞ்சியை விழுங்கினான். "வந்துச்சுக்கா" என்றான்.

"என்னது வந்துச்சு?"

"நெனப்பு. நீ கீழ போயிருந்தப்ப வந்தாரு. காபி, டீ, தண்ணி எல்லாத்தையும் பேர் சொல்லித்தான் கேட்டாரு. குடிச்சிருந்தா மயக்கத்துல உயிர் போவும்னுகூடச் சொன்னாரு."

ஸ்பூன் என் கையிலேயே நின்றது. "அப்புறம் ஏண்டா இல்லன்ன?"

"குடுத்தது யாருன்னு கேப்பாரு. அத்தினி பேர் எதிர்ல உன்னத் திட்டுவாரு." மோவாய்க் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "நீ அப்பவே அழுவுற மாதிரி இருந்தக்கா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை ஓங்கி அறைந்திருப்பேன். முகத்தில் அறைய ஒரு இடம் பாக்கி இல்லை. எட்டு மாதப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒருத்தி அங்கே காத்திருக்கிறாள். இந்த மடையன் என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று தலையை ஆட்டியிருக்கிறான். அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"வலிக்குதுக்கா" என்றான்.

கையை எடுத்துவிட்டேன். கஞ்சி ஆறிப்போய்க்கொண்டிருந்தது. வார்டில் அத்தனை பேர் பார்க்க, அவன் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன்.